ரசீது இல்லாத ஏரி

ஏரியைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கரையில் நின்று போட்டோ எடுப்பவர்கள், சேற்றில் இறங்குபவர்கள். நான் போட்டோ எடுக்கப் போய்ச் சேற்றில் இறங்கியவன். இடது கால் செருப்பு இன்னும் மேலைக் கரையோரம் எங்கோ புதைந்திருக்கிறது. ஏரியின் மக்காத குப்பையில் அது என் நேரடிப் பங்கு. மறைமுகப் பங்கைப் பிறகு சொல்கிறேன்.

தொழிலால் நான் கணக்குத் தணிக்கையாளன். பிறர் எழுதிய கணக்கைப் பார்த்து, "இதுக்கு ரசீது எங்கே?" என்று கேட்டே பிழைப்பு நடத்துகிறவன். டீ வாங்கிய பன்னிரண்டு ரூபாய்க்குத் தேதி போட்ட வவுச்சர் இல்லாவிட்டால்கூடச் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். இந்தத் தகுதியை நம்பித்தான் எங்கள் ஏரியின் தன்னார்வ நீர்ச்சோதனைக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். 'கணக்கு ஆள், ஒழுங்கா எழுதி வைப்பார்' என்று நினைத்தார்களாம். அவர்கள் செய்த பிழை அது ஒன்றுதான். மற்ற பிழைகளையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன்.

ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சென்னையின் தெற்குப் புறநகரில் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேருகிற ஏரிகள் இருக்கின்றனவே, அவற்றின் அக்கம்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பட்டாசுப் படங்கள் வெடித்தன. மேலே இருக்கிற ஏரிகளில் நாம் விடுவதெல்லாம் அங்கேதான் போகிறது என்று அன்றைக்கு யாரும் எழுதவில்லை. ஒரு காலத்தில் எங்கள் ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் நெல்லுக்குப் பாய்ந்ததாம். இப்போது ஆயக்கட்டில் நெல் இல்லை, நாங்கள் இருக்கிறோம். வரத்துக்கால்வாயில் மழைக்காலத்தில் மட்டும் மழைத் தண்ணீர் வரும். எங்கள் தண்ணீர் வருஷம் பூராவும் வரும்.

குழுவில் சேர்ந்ததும் ஆன்லைனில் ஒரு டி.டி.எஸ். பேனா வாங்கினேன். மூடியைக் கழற்றித் தண்ணீரில் விட்டால் எண் காட்டும். எண் காட்டுகிற எதையும் நம்புவது என் தொழில் கோளாறு. ஏரித் தண்ணீரில் விட்டேன், எழுநூறுக்குக் கீழே. எங்கள் போர் தண்ணீரில் விட்டேன், ஆயிரத்தைத் தாண்டியது. 'நம்ம போரைவிட ஏரி சுத்தம்!' என்று குழுவில் அறிவித்தேன். மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்பதை வைத்துக் கரைந்த உப்பைக் கணிக்கிற கருவி அது. சாக்கடை கலந்திருக்கிறதா, கிருமி இருக்கிறதா, மீனுக்கு மூச்சுவிட ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த விவரம் எனக்குத் தெரியவருவதற்குள் காலை நடைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச காலம் கரையில் நான் கைராசி டாக்டர். பேனா சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போன அன்று அந்த கிளினிக் மூடப்பட்டது.

அடுத்தது தட்டு. நீரின் தெளிவை அளக்க உலகமெங்கும் பயன்படுவது செக்கி தட்டு. 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கிப் பார்த்த ஆஞ்செலோ செக்கி ஒரு பாதிரியார். தொழிலோ வானியல். 1899இல் விப்பிள் என்ற அமெரிக்கர் அந்தத் தட்டைக் கால் காலாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் அடித்தார். இருபது சென்டிமீட்டர் அகலம், நடுவில் கயிறு, அவ்வளவுதான் கருவி. இறக்கும்போது எந்த ஆழத்தில் மறைகிறது, ஏற்றும்போது எந்த ஆழத்தில் மறுபடி தெரிகிறது, இரண்டுக்கும் சராசரி. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

நான் வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துத் துளை போட்டுப் பெயின்ட் அடித்தேன். அது என் மனைவிக்குச் சீரில் வந்த தட்டு என்பதும், அடியில் அவளுடைய தாத்தாவின் பெயர் வெட்டியிருந்தது என்பதும் துளை போட்ட பிறகுதான் தெரிந்தது. "ஏங்க, ஓட்டை போட தாத்தா பேருதான் கெடச்சுதா?" என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கருவிக்குத் தாத்தா என்றே பெயர்.

மழை ஓய்ந்து ஏரி நிரம்பி, தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்த டிசம்பரில், மதகுப் படியில் நின்று, வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தாத்தாவை இறக்கினேன். கூலிங் கிளாஸ் போடக் கூடாது என்பது இந்தச் சோதனையின் அரிச்சுவடி. கயிறு ஒன்றேகால் மீட்டர் போனதும் தட்டு மறைந்தது. 'தெளிவு: 1.25 மீட்டர்' என்று பெருமையாகக் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், அங்க ஆழமே அவ்ளோதான். உங்க தட்டு சேத்துல குந்திகினு கீது" என்றார். தட்டு தரை தட்டினால் 'தரை தட்டியது' என்றுதான் எழுத வேண்டும். தெளிவு என்று நான் எழுதி வைத்திருந்தது ஏரியின் ஆழத்தை. அதற்கு ஒரு மூங்கில் கழி போதும், தாத்தா தேவையில்லை.

இவையெல்லாம் சில்லறை. பெரிய தொகையாக ஒன்று இருக்கிறது.

மீன் பிழைக்குமா என்பதைச் சொல்வது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீன் வளரத் தகுந்த நீருக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும், குளிக்கத் தகுந்த நீருக்கு 5. ஹங்கேரிக்காரரான விங்க்ளர் 1888இல் சொன்ன முறையைச் சுருக்கித்தான் இப்போது சோதனைப் பெட்டியாக விற்கிறார்கள். குமிழி இல்லாமல் பாட்டிலில் நீர் பிடித்து, கரையிலேயே மருந்து விட்டு ஆக்சிஜனைக் கட்டிப்போட்டு, பிறகு நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். எண்ணுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. விடிகாலையில் எழுவதில்தான் கோளாறு. காலை ஆறு மணிக்குள் அளக்க வேண்டும் என்பது குழுவின் விதி. நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மூன்றரை மணி வாக்கில் போனேன்.

பன்னிரண்டுக்கு மேல் வந்தது! குளிக்கவே ஐந்து போதும் என்கிறார்கள், நம் ஏரியில் பன்னிரண்டு. 'ஏரி டிஸ்டிங்ஷனில் பாஸ்' என்று குழுவில் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன.

முப்பது டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து தானாக ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான். அதற்கு மேல் போனால் ஏரிக்கே ஏழரை என்று ஜோசியம் தெரிந்த எவரும் சொல்லியிருப்பார். உபரி முழுக்கப் பாசி தருவது. சாக்கடைச் சத்தில் கொழுத்து ஏரியைப் பச்சையாக்கிய நுண்பாசி, வெயில் உள்ளவரை ஆக்சிஜனை வாரி விடும். பொழுது சாய்ந்ததும் தானே அதை உறிஞ்ச ஆரம்பிக்கும். அடிச்சேற்றில் அழுகுவதைத் தின்னும் பாக்டீரியாவும் இரவு முழுக்க உறிஞ்சும். விடிவதற்குள் கையிருப்பு சுத்தமாகத் தீர்ந்துவிடும். நான் செய்தது, சம்பளம் ஏறிய அன்று ஒருவனுடைய பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு அவனைப் பணக்காரன் என்று சான்றளித்த வேலை. போதாக்குறைக்கு, பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நீரின் பி.எச். அளவும் மதியத்தில் எகிறும். அப்போது சாக்கடையோடு வந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி மீனைக் கொல்லும் அம்மோனியாவாக மாறும். டிஸ்டிங்ஷன் வாங்கிய அதே மூன்றரை மணிக்கு ஏரியில் நடந்துகொண்டிருந்தது இதுதான்.

சில நாள் கழித்து, மப்பு போட்டு வெயிலே அடிக்காத ஒரு நாளுக்கு மறுநாள் விடியலில், ஜிலேபி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் மிதந்தன. ஜிலேபி லேசில் சாகாது. சாக்கடையிலேயே குடும்பம் நடத்திப் பேரன் பேத்தி எடுக்கிற மீன் அது. என் பழைய பதிவுக்குக் கீழே செத்த மீனின் படத்தைப் போட்டு யாரோ ஒற்றைச் சொல் எழுதியிருந்தார்: 'டிஸ்டிங்ஷன்?'

மீனவரிடம் போய் நின்றேன். "நாலு நாளாவே விடிகாலைல மீனு மேல வந்து வாயப் பொளந்துகினு இருந்துச்சு சார். மூச்சு முட்டினா அப்டித்தான் வரும்" என்றார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க மத்தியானம் இல்ல வர்றீங்க?"

பாசி ஏன் இப்படிக் கொழுக்கிறது என்று படிக்க உட்கார்ந்தேன். காலையில் எழ முடியாதவனுக்குப் படிப்பைவிட நல்ல சாக்கு கிடையாது. கனடாவின் ஒன்டாரியோவில் எண்ணையே பெயராகக் கொண்ட 226ஆம் ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கரிமமும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேலென்று பாசி கட்டியது. மனிதக் கழிவிலும் சோப்புத்தூளிலும் வருகிற பாஸ்பரஸ்தான் ஏரிக்கு முதல் எதிரி என்பதற்கு, வானத்திலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் பெரிய சாட்சியாயிற்று.

உடனே பாஸ்பேட் சோதனைப் பெட்டி வாங்கினேன். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட் அவ்வளவு அதிகம். வரத்துக்கால்வாய் வாயில் எடுத்த தண்ணீர் மயில்கழுத்து நிறத்துக்குப் போனது. பக்கத்துத் தெரு லாண்டரிதான் காரணம் என்று குழுவில் தீர்ப்பும் எழுதிவிட்டேன். எங்கள் குழுவில் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். "தம்பி, அதே பாட்டில்ல பேட்டரித் தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பெட்ரோல் பங்க்கில் வடிநீர் வாங்கி ஊற்றிப் பார்த்தேன். அதுவும் நீலம்! பேட்டரித் தண்ணீரும் மாசுபட்டுவிட்டது என்பது என் முதல் முடிவு. இரண்டாவது முடிவுக்கு வர ஒரு ராத்திரி ஆயிற்று. நான்தான் அந்தப் பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்திருந்தேன். பாஸ்பேட் பார்க்கிற பாட்டிலில் சோப்பே படக் கூடாது. நீர்த்த அமிலத்தில் அலசி, வடிநீரில் கழுவி வைக்க வேண்டும். வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக நான் எந்தப் பாத்திரத்தையும் கழுவியதில்லை, அதுவே வினையாயிற்று. லாண்டரிக்காரர்தான் இன்றும் என் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார். நான் எழுதியது அவர் கண்ணில் படவில்லை என்றுதான் நம்புகிறேன். காலர் மட்டும் முன்போல மடிவதில்லை.

அந்த அம்மாவின் நோட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுடைய நூறு பக்க நோட்டு. ஒவ்வொரு வரியிலும் தேதி, மணி, இடம். பிறகு தண்ணீரின் சூடு, நிறம், வாடை, தட்டு மறைந்த ஆழம், ஆக்சிஜன், முந்தின நாள் மழையா வெயிலா. எப்போதும் அதே மதகு, அதே மூன்றாம் படி, அதே ஆறு மணி. காலமெல்லாம் கடிதத்துக்குத் தேதி முத்திரை குத்திய கை. போக முடியாத வாரங்களில் 'போகவில்லை, மூட்டுவலி' என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பு கூசியது. என் பதிவுகளில் பாதி போனில், பாதி ஓட்டல் பில்லின் பின்பக்கத்தில். 'போன வாரம்', 'மதியம்', 'வழக்கமான இடம்' என்றெல்லாம் தேதிகள். நான் போகாத வாரங்களுக்கு முந்தின வாரத்தையும் பிந்தின வாரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து நிரப்பியிருந்தேன். ஒரு கம்பெனிக் கணக்கில் இதைப் பார்த்திருந்தால் அந்தக் கணக்காளரை அன்றே வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன்.

நாங்கள் ஒருவரும் கவனிக்காத ஒன்று அந்த நோட்டில் இருந்தது. ஆண்டுதோறும் ஆக்சிஜன் படுமோசமாக விழுந்தது கத்திரி வெயிலில் அல்ல, கோடை முடிந்து முதல் பெருமழை பெய்த மறுநாள். மாதக்கணக்கில் வடிகால்களில் தேங்கிக் கிடந்த சேறும் சாக்கடையும் அந்த ஒரே மழையில் மொத்தமாக அடித்துக்கொண்டு ஏரிக்குள் வந்துவிடுகிறது. 'அப்பாடா, ஏரி கழுவிவிட்டாற்போல ஆகிவிடும்' என்று நாங்கள் பால்கனியில் நின்று பஜ்ஜி தின்ற அதே சாயங்காலம்! ஒருநாள் போய் அளந்துவிட்டு வந்தால் இது பிடிபடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1973இல் ஜோ ஷபிரோ என்ற பேராசிரியர் ஏரிக்கரைவாசிகளின் கையில் தட்டைக் கொடுத்து அளக்கச் சொன்னார். அங்கே இன்னும் அளக்கிறார்கள். சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் விழுந்த சாக்கடையை 1963இலிருந்து 1968க்குள் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒரு மீட்டரிலேயே மறைந்துகொண்டிருந்த தட்டு எழுபதுகளில் பல மீட்டர் ஆழம்வரை தெரிந்தது. ஏரி தேறிவிட்டது என்று சொல்ல முடிந்தது, கெட்டிருந்த காலத்திலும் யாரோ விடாமல் எழுதி வைத்ததால்.

எனக்கு நோட்டு சுவைக்கவில்லை, வில்லன் வேண்டியிருந்தது. நள்ளிரவில் வந்து கழிவைக் கொட்டும் டேங்கர் லாரி, அதன் நம்பர் பிளேட், மறைந்திருந்து படம் பிடிக்கும் நான். அப்படி லாரிகள் இல்லாமல் இல்லை. நான் போன இரவுகளில் கொசுதான் வந்தது. வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்று எச்டூஎஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தேன். மஞ்சா, மௌரியா, ராவ் என்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட எளிய சோதனை அது. குடிநீரில் மலக்கலப்பு இருந்தால் ஒன்றிரண்டு நாளில் பாட்டில் கறுத்துவிடும். எங்கள் பாட்டில் தார் நிறத்துக்குக் கறுத்தது. அதை வீடியோவாக்கி, சோக வயலின் சேர்த்துப் போட்டேன். அம்மா பதில் போட்டார்: "மாடு எறங்குது, கொக்கு எச்சம் போடுது. ஏரித் தண்ணி கறுக்காம இருந்தாத்தானே தம்பி செய்தி?"

கடைசியில் ஒருநாள் பகலில், வரத்துக்கால்வாயைப் பிடித்துக்கொண்டு எல்லோருமாக மேலே நடந்தோம். மழையே இல்லாத மாதம். மழை இல்லாத மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது யாருடைய தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போனால் போதும். வடிகாலின் சுவரைத் துளைத்துக்கொண்டு நாலங்குலக் குழாய்கள், ஆறங்குலக் குழாய்கள். ஒன்றில் சோப்பு நுரை, ஒன்றில் சாம்பார் வாடை, ஒன்றில் செப்டிக் டேங்க் வழிசல். லாரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் வீடுகள், கோலம் போட்ட வாசல்கள், துளசி மாடங்கள். அதில் ஒரு குழாய் எங்கள் அடுக்ககத்தின் பின்சுவரிலிருந்து வந்தது.

நான் திடுக்கிட்டது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். திடுக்கிட எனக்கு உரிமையே இல்லை. எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கைச் சம்பளம் வாங்காமல் தணிக்கை செய்கிறவன் நான். பழைய செலவுப் பட்டியல் ஒன்றில் 'வடிகால் இணைப்பு – குழாய், கூலி' என்று ஒரு வரி இருந்தது. ரசீது இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. பச்சை மையில் டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். குழாய் எங்கே போய் முடிகிறது என்று வவுச்சரில் எழுத இடம் கிடையாது, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதுதான் முதலில் சொன்ன மறைமுகப் பங்கு.

மனு கொடுக்கப் போனோம். நான் எழுதிய மனுவில் 'வருங்காலச் சந்ததி', 'கண்ணீர் வடிக்கும் நீர்நிலை' எல்லாம் தாராளமாக இருந்தன. அதிகாரி அதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடத்துல எடுத்தது?" பிழைப்பு நடத்த நான் கேட்கிற அதே கேள்வி! அம்மா தம் நோட்டின் ஜெராக்ஸை நீட்டினார். அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு விடியற்காலையில் ஆய்வக ஆட்கள் வந்து, அதே மூன்றாம் படியில் முறைப்படி மாதிரி எடுத்துப் போனார்கள். எங்கள் சொட்டுக் கணக்கை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது. எங்கே, எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்று ஆய்வகத்துக்குச் சொல்ல முடியும். ஏரி இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

இந்த ஆண்டுச் சங்கக் கணக்கில் நான் டிக் போட்டுவிட்டு நகரவில்லை. 'குடியிருப்பின் கழிவுநீர் மழைநீர் வடிகால் வழியே ஏரியில் கலக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்புக்கு நிதி ஒதுக்கப்படவில்லை' என்று தணிக்கைக் குறிப்பு எழுதினேன். பொதுக்குழுவில் ஒருவர், "மொதல்ல லாரிக்காரனப் புடிங்க சார்" என்றார். இன்னொருவர், "எல்லாருந்தான் விடறாங்க" என்றார். செயலாளர் மட்டும் நிதானமாக எழுந்தார். நான் வருஷாவருஷம் சிவப்பு மையில் சுழித்துப் பாடாய்ப் படுத்திய மனிதர்.

"சார், எல்லாத்துக்கும் ஆதாரம் கேப்பீங்களே. இதுக்குத் தேதி, நேரம், இடம் ஏதாவது இருக்கா?"

என் போனில் ஒரு படம் இருந்தது. அதில் பாதி குழாயும் என் முழுக் கட்டைவிரலும் இருந்தன. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டு நோட்டைக் கேட்டேன்.

"என் நோட்டுல மதகுதான் தம்பி இருக்கு. உங்க குழாய்க்கு நீங்கதான் தனி நோட்டுப் போடணும். ஞாயித்துக்கெழமையிலருந்து ஆரம்பிங்க, சரியா ஆறு மணிக்கு."

ஆறு மணி என்றால் சாயங்காலம்தானே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.